கொழுப்பு ஒட்டு: சுழற்றுவதா, கழுவி வடிகட்டுவதா?

உடலின் ஓரிடத்திலிருந்து உறிஞ்சி எடுத்த கொழுப்பை முகம், மார்பகம் போன்ற வேறோர் இடத்தில் ஒட்டாக அப்படியே செலுத்தக் கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ரத்தமும் உடைந்த செல்களின் எண்ணெயும் கூடவே போனால் அழற்சி மிகும். அவற்றை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் போட்டி.

சிரிஞ்சை நிமிர்த்திவைத்துப் படியவிடுவது எளிது, செல்களுக்கும் அடிபடாது. ஆனால் நீர் முழுவதும் இறங்காது.

கோல்மன் முறையில் கொழுப்பைச் சுழற்றும் கருவியில் வைத்துப் பிரிப்பார்கள்: நிமிடத்துக்கு 3000 சுற்று, 3 நிமிடம். மேலே எண்ணெய், நடுவே கொழுப்பு, அடியில் நீரும் ரத்தமும். முகத்துக்குத் தேவைப்படும் சில மில்லிலிட்டருக்கு இது நல்ல முறை. 3000 என்ற எண்ணை மட்டும் நம்பினால் தவறு நேரும்: சுழல் ஆரம் 12 செ.மீ. என்றால் விசை புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 1200 மடங்கு, 8 செ.மீ. என்றால் 800 மடங்குதான். விசை கூடினால் செல்கள் உடைந்து மேலே எண்ணெய் பெருகும்.

மார்பகம் போன்ற பெரிய இடத்துக்கு எங்கள் தேர்வு, மூடிய பையில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை விட்டுக் கழுவி வடிகட்டுவது. நூற்றுக்கணக்கான மில்லிலிட்டரை ஒரே தடவையில் முடிக்கலாம். கொழுப்பு காற்றில் உலராது. வடியும் நீர் தெளியும்வரை மெல்ல அசைத்துக் கழுவினால் போதும், பிழியக் கூடாது.

எங்களுக்கு இதில் முடிவைத் தீர்மானித்தது மிச்ச நீர். படியவைத்த 100 மில்லியில் கணிசமான பங்கு நீராகவே இருக்கும். சில நாளில் உடல் அதை உறிஞ்சிக்கொள்ள, வீக்கமும் வடிய, 'ஒட்டு கரைந்துவிட்டது' என்று தோன்றும். உண்மையில் அந்த அளவுக்குக் கொழுப்பே உள்ளே போகவில்லை. அதை ஈடுகட்ட அடுத்த முறை கூடுதலாகத் திணித்தால் திசு அழுத்தம் ஏறி நுண்குழாய்கள் நசுங்கும். பிழைத்திருக்க வேண்டிய கொழுப்பும் மடியும். நன்றாக வடிந்த கொழுப்பில் அளவுக்கணக்கு ஓரளவு மெய்யாக இருக்கும். அதற்காக மிகவும் வறட்டிவிட்டால் கொழுப்பு கானுலாவில் (செலுத்தும் மெல்லிய குழாயில்) சிக்கி, அழுத்தும்போது திடீரென்று கட்டியாகப் பாயும்.

கட்டியாகப் போவதுதான் பெருங்கேடு. புது ரத்தக்குழாய் வரும்வரை ஒட்டு சுற்றியுள்ள திசுநீரை நம்பியே வாழ்கிறது. நேராகப் பிழைக்கும் வெளி அடுக்கின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தடித்த உருண்டையின் நடுப்பகுதி செத்து எண்ணெய்க் கட்டியாகும், பிறகு சுண்ணாம்பு படியும். ஆகவே எந்த முறையில் பிரித்தாலும், மழுங்கிய முனைக் கானுலாவைப் பின்னிழுத்துக்கொண்டே மெல்லிய இழையாக, பல தளங்களில் இட வேண்டும். முகத்தில் ஒரு இழுப்புக்கு 0.1 மில்லிக்கு மேல் வேண்டாம்.

சிகிச்சை ஒப்பீடுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதால் இம்மூன்றில் எதற்கும் தீர்மானமான வெற்றி இல்லை. முகத்தில் சுழற்றிப் பழகிய கை, அதை மாற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை.