டார்க் டோன் கேட்டேன், கறுப்பு ரீடு அனுப்பினான்: 11,400 ரூபாய் போச்சு

ஆன்லைன்ல எனக்கு ரீடு வித்தவன் இன்னிக்குக் காலைல என் நம்பரை பிளாக் பண்ணிட்டான். அதனாலதான் இந்தப் பதிவு. கோபம் ஆறினப்புறம் உட்கார்ந்தா நாகரிகமா எழுதிடுவேன், அது வேண்டாம்.

போனது 11,400 ரூபாய். வந்தது நாலு சாக்ஸபோன் ரீடு. ஒண்ணு 2,850. சாக்ஸ் வாசிக்காதவங்களுக்காகச் சொல்றேன்: ரீடுன்னா மவுத்பீஸ்ல, அதாவது வாயில வச்சு ஊதுற முனையில, வச்சு இறுக்குற சின்னச் சீவல். அது அதிர்ந்தாத்தான் சத்தமே. பார்க்க ஐஸ்கிரீம் குச்சி மாதிரி இருக்கும். என் சம்சாரமும் அதைத்தான் கேக்குறா, "நாலு ஐஸ்கிரீம் குச்சிக்குப் பதினோராயிரத்து நானூறா?"ன்னு. என்ன பதில் சொல்றது?

டார்க் டோன், அதாவது அடர்த்தியான சத்தம், தர்ற சிந்தெடிக் (செயற்கைப் பொருள்ல செஞ்ச) ரீடை எப்படிப் பார்த்து வாங்கணும்னு கடைசியில விவரமா எழுதறேன். முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன்.

எங்க குடும்பம் நாகஸ்வரக் குடும்பம். கும்பகோணம் பக்கம். நான் ஆல்ட்டோங்கிற ரக சாக்ஸுக்கு வந்து பதினாறு வருஷம் ஆச்சு. முகூர்த்தம், வரவேற்பு, கோயில் விசேஷம், இதுதான் பொழப்பு. இத்தனை வருஷமும் நாணல் ரீடுதான். பிரான்ஸோட தெற்குப் பகுதியில விளையுற அருண்டோ டோனாக்ஸ்ங்கிற நாணல்ல செய்றது. நல்ல ரீடு அமைஞ்சா அது மாதிரி எதுவும் கிடையாது. ஆனா பத்து இருக்குற பெட்டியில மூணு நல்லா இருந்தா அதிர்ஷ்டம். அதுவும் ஈரமா இருந்தாத்தான் பேசும். கல்யாண மண்டபத்து ஏசியில இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தாப் போதும், காஞ்சு நுனி அலையலையா நெளிஞ்சுடும்.

போன மாசம் ஒரு முகூர்த்தத்துல ஐயர் மந்திரத்தை இழுத்துக்கிட்டே போனார். நாங்க வாத்தியத்தை மடியில வச்சுக்கிட்டு அவர் கையையே பார்த்துக்கிட்டிருந்தோம். திடீர்னு கையைத் தூக்கி "கெட்டி மேளம், கெட்டி மேளம்"னார். தவில் இறங்கிடுச்சு. நான் ஊதினேன். முதல் சுரமே "கீச்". மாப்பிள்ளையோட பெரியப்பா அட்சதையைப் போடாம என்னைத் திரும்பிப் பார்த்தார். தவில்காரர் என் அப்பாவோட வாசிச்சவர். சாப்பாட்டுப் பந்தியில, "என்ன தம்பி, தாலி கட்டுற நேரத்துல பல்லி கத்துச்சே"ன்னார். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், சிந்தெடிக் வாங்கிடறதுன்னு. அதுக்கு ஈரம் வேண்டாம். எடுத்தவுடனே ஊதலாம், ஏசிக்கெல்லாம் அசையாது.

ஒரே பயம் டோன்தான். நண்பர் ஒருத்தரோட பிளாஸ்டிக் ரீடை ஊதிப் பார்த்திருக்கேன். சத்தம் பளீர்னு, கூர்மையா, தகரத்துல ஆணி கீறினாப்புல இருந்துச்சு. நம்ம மண்டபத்து மைக்செட் வேற ஏற்கெனவே காதைக் கிழிக்கும். எனக்கு வேண்டியது கும்முனு, அடர்த்தியா, உருண்டையா வர்ற சத்தம். சாக்ஸ்ல கர்நாடக சங்கீதம் வாசிச்ச கத்ரி கோபால்நாத் அய்யா வாசிப்பைக் கேட்டவங்களுக்கு நான் சொல்றது புரியும். அவரும் நாகஸ்வரக் குடும்பத்திலேர்ந்து வந்தவர்தான். மைசூர் அரண்மனை பேண்டுல சாக்ஸைக் கேட்டு இந்தப் பக்கம் வந்தவர். அந்தச் சத்தத்துல தோல் இருக்கும், சதையும் இருக்கும். இதைத்தான் சாக்ஸ்காரங்க "டார்க் டோன்"னு சொல்றோம்.

தேடுறேன்னு நாலஞ்சு இடத்துல கேட்டு வச்சேன். அது எப்படித்தான் தெரிஞ்சுதோ, ஒரு சமூக வலைதளப் பக்கத்திலேர்ந்து மெசேஜ் வந்துச்சு. வாத்தியச் சாமான் மட்டும் விக்கிற பக்கம். கடைன்னு ஒண்ணு கிடையாது, படம் போடுவாங்க, விலை கேட்டா தனியா சொல்லுவாங்க. அந்த ரகம். "அண்ணா வணக்கம். உங்க வாசிப்பு கேட்டிருக்கேன். ரீதிகௌளை ஒண்ணு போட்டிருந்தீங்களே, கண்ல தண்ணி வந்துடுச்சு." நான் ரீதிகௌளை ராகம் போட்டிருந்தது நிஜம். என்னை மொத்தமா சாய்ச்சது அந்த ஒரு வரிதான், இப்ப யோசிச்சா உடம்பு கூசுது.

"டார்க் டோன் சிந்தெடிக் இருக்கு அண்ணா. இம்போர்ட்டட் பாலிமர். புரொஃபஷனலுக்கு மட்டும்தான் தர்றோம்." ஒண்ணு எடுத்தா 3,400, நாலா எடுத்தா ஒண்ணு 2,850. நான் தயங்கினேன். "நம்பிக்கை இல்லேன்னா வாங்காதீங்க அண்ணா, முதல்ல கேட்டுப் பாருங்க"ன்னு ஒரு ஆடியோ அனுப்பினான்.

ராத்திரி பதினோரு மணி இருக்கும். மாடியில போய் ஹெட்போன் மாட்டிக்கிட்டுக் கேட்டேன். ரெண்டரை நிமிஷம், சுருதியோட ஒரு ஆலாபனை. மந்தர ஸ்தாயியில இறங்கி நின்ன இடம் இருக்கே, நெஞ்சுக்கூட்டுக்குள்ள யாரோ பாய் விரிச்சாப்புல. நாலு தடவை கேட்டேன். அப்படியே மாடியில நின்னபடி 11,400 ரூபாயை அனுப்பினேன். மூணு கல்யாணத்துல எனக்கு வர்ற பங்கு அது.

ஆறு நாள் கழிச்சுப் பொட்டலம் வந்துச்சு. வெள்ளிக் கலர்ல சின்னப் பெட்டி. செஞ்ச கம்பெனி பேர் எங்கேயும் இல்ல, எந்த நாடுன்னு இல்ல. "டார்க்"ன்னு ஒரு வார்த்தை, கீழ 2.5ன்னு நம்பர் (ரீடு எவ்வளவு கெட்டின்னு காட்டுறது), அவ்வளவுதான். உள்ள நாலு ரீடு, அட்டைக்கரி மாதிரி கறுப்பு. மாட்டி ஊதினேன். பளீர்னு வருது! நான் எதுக்குப் பயந்தேனோ அதே தகரச் சத்தம், இன்னும் ஒரு பிடி ஜாஸ்தியாவே. நாலையும் மாத்தி மாத்திப் போட்டேன், ரீடை இறுக்கிப் பிடிக்கிற லிகேச்சர் பட்டையை ஏத்தி இறக்கினேன். ஊஹூம்.

மெசேஜ் போட்டேன். "செட் ஆக ஒரு வாரம் ஆகும் அண்ணா." சிந்தெடிக் செட் ஆகுறதுக்கு என்ன இருக்குன்னு தோணுச்சு, ஆனாலும் பொறுத்தேன். மூணாம் நாள் ஊதிட்டுக் கழட்டும்போது நுனியில, நாக்கு படுற இடத்துல, கடுகளவு வெளுத்திருந்துச்சு. நகத்தால சுரண்டினேன். கறுப்பு செதிலா உரிஞ்சு வந்துச்சு. அடியில மஞ்சளா, நேர்நேரா நார் ஓடுது.

நாணல்! சாதாரண நாணல் ரீடு மேல கறுப்புப் பூச்சு. சிந்தெடிக்கே கிடையாது. மிச்சம் மூணையும் அடிப்பக்கம் பிளேடால கீறிப் பார்த்தேன், அதே கதைதான். நாணல் மேல பூச்சுப் போட்ட ரகம்னு ஒண்ணு உலகத்துல உண்டு, அதை அப்படிச் சொல்லியே விக்கிறாங்க, தப்பில்ல. ஆனா அது விக்கிற விலை வேற. இவன் பூச்சுக்கு "பாலிமர்"னு பேர் வச்சு 11,400 ரூபாய் வாங்கியிருக்கான்.

உரிஞ்சதைப் படம் எடுத்து அனுப்பினேன். ரெண்டு நாள் நீல டிக் மட்டும். அப்புறம் "உங்க மவுத்பீஸ்ல பிரச்சனை இருக்கலாம் அண்ணா, எந்த மவுத்பீஸ்?" மவுத்பீஸ் எப்படிய்யா பெயின்டை உரிக்கும்? பணத்தைத் திருப்பிக் கேட்டேன். உடனே அண்ணா போய் சார் வந்துட்டார். "சார், வாயில் வைத்த பொருள் ரிட்டர்ன் எடுக்க இயலாது. ஹைஜீன் பாலிசி." வாயில வைக்காம ரீடை வேற எங்க வச்சுப் பார்க்குறது? கேட்டேன். கடைசியா வந்த பதிலை அப்படியே தர்றேன், ஒரு எழுத்து மாத்தல: "சார் நீங்க டார்க் கேட்டீங்க. டார்க் கலர் அனுப்பியாச்சு. ஆர்டர் க்ளோஸ்டு."

இதுக்கு மேல அவன்கிட்ட பேச ஒண்ணும் இல்ல. கறுப்பா இருந்தா டார்க்காம். ஜெர்மனியில ஃபைபர்ரீட்னு ஹார்ட்மன் கம்பெனி செய்றதுல கார்பன் ரகமே கறுப்புதான், அதுதான் பளீர்னு வெடிக்கிற சத்தத்துக்குப் பேர் போனது. அதே கம்பெனியில அடக்கமான சத்தம் வேணும்கிறவங்க ஹெம்ப் ரகத்தைத்தான் தேடுறாங்க. கலருக்கும் சத்தத்துக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

இன்னும் ஒண்ணு இருக்கு, சொல்லவே வெக்கமா இருக்கு. என் பையன் பத்தாவது படிக்கிறான், கீபோர்டு வாசிப்பான். அந்த ஆடியோவைக் கேட்டுட்டு, "அப்பா, இது உன் சாக்ஸ் இல்லப்பா, பெருசு"ன்னான். ட்யூனர் ஆப்பை வச்சுக் காட்டினான். ஆலாபனை இறங்கி நின்ன இடம் "பி"ங்கிற சுரம். என் ஆல்ட்டோவுல எல்லாக் கீயையும் மூடி ஊதினாலும் அதுக்கு மேல இருக்குற டி ஃப்ளாட்டோட தரை வந்துடும். அதுக்குக் கீழ சுரமே கிடையாது. அவன் அனுப்பினது டெனர் சாக்ஸ்! அது ஆல்ட்டோவைவிடப் பெருசு, பிறவியிலேயே கனத்த குரல். பதினாறு வருஷமா ஆல்ட்டோ ஊதுறவன், நாலு தடவை கேட்டும் எனக்குத் தெரியல. கண்ல தண்ணி வந்துச்சுன்னு ஒருத்தன் சொன்னதுல காது அடைச்சுப் போச்சு.

எங்க அப்பா சீவாளி, அதாவது நாகஸ்வரத்தோட ரீடு, வாங்கத் திருவாவடுதுறைக்குப் போவார். சின்ன வயசுல கூடப் போயிருக்கேன். கொறுக்கைத் தட்டையைக் காயவச்சு, பதம் பண்ணி, சீவி, கட்டி வச்சிருப்பாங்க. அப்பா திண்ணையில உட்கார்ந்து ஒவ்வொண்ணா வாயில வச்சு ஈரமாக்கி ஊதுவார். பத்து ஊதினா ரெண்டு எடுப்பார். மிச்ச எட்டும் எச்சில்தான், யாரும் ஹைஜீன் பாலிசி பேசினதில்ல. ஊதிப் பார்க்காம அவர் காசை எடுத்து நான் பார்த்ததே இல்ல. அவர் பெத்த பிள்ளை நான், ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு போன்ல வந்த சத்தத்துக்கு 11,400 ரூபாய் அனுப்பியிருக்கேன்.

நேத்து ராத்திரி அவனுக்குப் போன் பண்ணினேன், ரிங் போய்க்கிட்டே இருந்துச்சு. பையன் போன்லேர்ந்து பண்ணினேன். ஒரே ரிங்ல எடுத்து, "சொல்லுங்க அண்ணா, என்ன வாத்தியம் வாசிக்கிறீங்க?"ன்னான். நான் பேர் சொன்னதும் கட் பண்ணிட்டான். காலைல பார்த்தா ரெண்டு நம்பரும் பிளாக். நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதிஞ்சு நம்பர் வாங்கி வச்சிருக்கேன். பக்கம் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. நேத்துகூட கிளாரினெட் ரீடு படம் போட்டிருக்கான், அதுவும் கறுப்பு.

சரி, எப்படி வாங்கணும்னு சொல்றேன்னேன். மணி ஒன்பதரை ஆச்சு, நாளைக்கு முகூர்த்தம், காலைல நாலரைக்கு வண்டி வந்துடும். தோணுறதைச் சொல்லிடறேன்.

செஞ்ச கம்பெனி பேர், நாடு, ரகம், நம்பர் இது நாலும் பெட்டியில இல்லேன்னா தொடாதீங்க. கனடாவுல லெஜேர்னு ஒண்ணு செய்றாங்க, பாலிபுரொப்பிலீன், நம்பர் கால் காலா ஏறும், 2, 2.25, 2.5ன்னு. ஜப்பான்ல ஃபாரஸ்டோன், மூங்கில் நார் கலந்தது. இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஊர், பேர், சரித்திரம் உண்டு. நாணல்ல 2.5 வாசிச்சா சிந்தெடிக்லயும் அதேதான்னு கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால ஆஃபர்னு நாலு வாங்காதீங்க, ஒண்ணு வாங்குங்க. பொட்டலம் பிரிக்கும்போது வீடியோ எடுங்க, நான் எடுக்கல. பணம் திரும்ப வர வழியில்லாத விதத்துல முன்பணம் அனுப்பாதீங்க. சாம்பிள் ஆடியோ வந்தா முதல்ல அது என்ன வாத்தியம்னு பாருங்க.

டார்க் டோனுக்கு ரீடைவிட மவுத்பீஸ்தான் முக்கியம்னு எங்க தவில்காரருக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர் சொன்னார். உள் அறை பெருசா, பேஃபிள் (நுனிக்குப் பின்னாடி, ரீடுக்கு எதிர்ல இருக்குற உள்பரப்பு) தாழ்வா இருக்குற மவுத்பீஸ்னா சத்தம் தானா அடங்குமாம். உண்மைதான், எனக்கும் தெரிஞ்ச விஷயம்தான். அதைப் பத்தி விவரமா எழுதணும்னா இன்னொரு பதிவு வேணும், இப்ப முடியாது.

அந்தப் பக்கத்தோட பேர் கேட்டு யாரும் எழுதாதீங்க, புகார் முடியுற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. பழைய நாணல் ரீடு ரெண்டைத் தேடி எடுத்து டம்ளர் தண்ணியில போட்டிருக்கேன். ஒண்ணு நுனி லேசா விரிசல். இன்னொண்ணு பரவாயில்ல. காலைல கெட்டி மேளத்துக்கு முன்னாடி அதை வாயிலேயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்.