மாறொளி விண்மீன்களை அளக்க எது ஏற்றது: கண்ணா, பைனாகுலரா, கேமராவா, தொலைநோக்கியா?

ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் விண்மீன்களைத் தொடர்ந்து அளக்க விரும்பும் கொங்கு வட்டார ஆர்வலர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு பெரிய தொலைநோக்கி வாங்க வேண்டும் என்பதைத்தான். எந்த விண்மீனை அளக்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் அதற்கு விடை சொல்ல முடியாது. பொலிவெண் (விண்மீனின் ஒளியைக் குறிக்கும் எண்) ஆறு அளவுக்கு ஏறி இறங்கும் விண்மீனுக்கும் அரைப் பொலிவெண் மட்டுமே அசையும் விண்மீனுக்கும் ஒரே கருவி பொருந்தாது. பொலிவெண் கூடினால் ஒளி குறைவு என்று பொருள். ஐந்து எண்களின் வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாடாகும். இந்த அளவுகோலை 1856-இல் முன்மொழிந்த நார்மன் போக்சன் பின்னாளில் சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்தார் என்பதும், அங்கே அவருடன் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ரெட்டிகுலம் மண்டலத்தின் ஆர் விண்மீன் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார் என்பதும் நம்மவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியவை.

வெறும் கண்ணுக்கு உரிய விண்மீன் திருவாதிரை. 2019-இன் இறுதியில் மங்கத் தொடங்கிய அது, வழக்கமான 0.5-இலிருந்து 2020 பிப்ரவரியில் ஏறத்தாழ 1.6 வரை இறங்கியபோது, ரோகிணியோடு ஒப்பிட்டுப் பார்த்த எவரும் மாற்றத்தை உணர்ந்திருக்க முடியும். அவ்வளவு பிரகாசமான விண்மீனைப் பெரிய தொலைநோக்கியில் அளப்பதுதான் கடினம்; ஒப்பிடத் தக்க துணை விண்மீன் அதே பார்வைப் புலத்தில் கிடைக்காது. ஆனால் கண்ணின் எல்லை விரைவில் வந்துவிடுகிறது. கோவை அவிநாசி சாலையை ஒட்டிய மொட்டை மாடியிலிருந்து நான்காம் பொலிவெண்ணை விட மங்கலான எதையும் எளிதில் பார்க்க முடிவதில்லை.

அந்த இடத்தில்தான் பைனாகுலர் தன் விலைக்கு மேல் பயன் தருகிறது. பத்து மடங்கு உருப்பெருக்கமும் 50 மில்லிமீட்டர் வில்லையும் கொண்ட சாதாரணக் கருவி, நல்ல இருளில் ஒன்பதாம் பொலிவெண் வரை காட்டும். அதற்கு நான் பரிந்துரைக்கும் விண்மீன் சிம்ம மண்டலத்தின் ஆர் லியோனிஸ். மகத்துக்கு மேற்கே ஐந்து பாகை தள்ளி நிற்கும் இச்செந்நிற விண்மீன், ஏறத்தாழ 310 நாள்களுக்கு ஒருமுறை பொலிவின் உச்சத்தை எட்டும். அது கிட்டத்தட்ட நம் தலைக்கு நேர் மேலே கடப்பதால் காற்று மண்டலம் ஒளியை உறிஞ்சுவது மிகக் குறைவு. மாசி, பங்குனி மாதங்களில் முன்னிரவிலேயே உயர்ந்து நிற்கும். ஆகஸ்டில் கதிரவனை ஒட்டி மறையும் காலத்தில் நமக்கு எப்படியும் தென்மேற்குப் பருவ மேகம்தான். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு அடிவானத்தை மறைத்தாலும், தேங்காய் உலர்களத்தில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு மல்லாந்து படுத்தால் கழுத்து வலியின்றி இதைப் பார்க்கலாம். பக்கத்திலுள்ள 18, 19 லியோனிஸ் விண்மீன்களுக்கு இடையே அதன் ஒளி எங்கே நிற்கிறது என்று பின்னமாக மதிப்பிட வேண்டும்: ஒன்று 6.0, மற்றொன்று 6.5 எனில், முதலாவதிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு இறங்கினால் 6.2. செந்நிற விண்மீனை உற்று நோக்க நோக்க அது கூடுதல் ஒளியுடன் தோன்றும் என்பதால், பார்வையைச் சட்டென விலக்கிவிட வேண்டும். கண் மதிப்பீட்டில் 0.2 வரை பிழை நேரும்; ஆர் லியோனிஸின் ஏறத்தாழ ஆறு பொலிவெண் ஊசலில் அது பொருட்படுத்தத் தக்கதல்ல.

அதே பிழை, மிதுன மண்டலத்தின் ஜீட்டா விண்மீனை அளக்கும்போது பெருங்குறையாகிவிடுகிறது. 3.6-க்கும் 4.2-க்கும் இடையே 10.15 நாளில் ஏறி இறங்கும் இந்த செபீட் வகை (சீராக விரிந்து சுருங்கி ஒளி மாறும்) விண்மீனின் வீச்சில் மூன்றில் ஒரு பங்கு கண்ணின் பிழைக்கே போய்விடும். இங்கே டி.எஸ்.எல்.ஆர். கேமராதான் வெல்கிறது. 50 மில்லிமீட்டர் லென்சை மிகச் சற்றே குவியம் தவற வைத்து, முக்காலியில் நிறுத்தி, சில விநாடிகள் கொண்ட படங்களை ரா வடிவில் (கேமரா பதிந்தபடியே, திருத்தாமல்) எடுத்து, பச்சை நிறப் பகுதியை மட்டும் அளந்து சராசரி கண்டால் 0.05-க்குள் வரலாம். ஒப்பிட வேண்டிய, அதே மண்டலத்தின் டெல்டா, லாம்டா, காப்பா விண்மீன்கள் மூன்றும் அதே படத்தில் விழுந்துவிடும். செபீட் விண்மீனுக்கு நூல்கள் வழக்கமாகச் சொல்லும் டெல்டா செபி, ஈட்டா அக்விலே ஆகியவை நம் மேகக் காலத்திலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும்தான் மாலை வானில் வருகின்றன. ஜீட்டாவோ தை முதல் பங்குனி வரை தெளிந்த வானில் நிற்கும். ஆகவே கொங்கு ஆர்வலர் ஜீட்டாவில் தொடங்குவதே முறை.

சிமாஸ் (மின்னணு ஒளியுணரி) கேமரா பொருத்திய தொலைநோக்கி 0.01 அளவுத் துல்லியம் தரும். ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் மங்கலான கிரகண இரட்டை விண்மீன்களின் மறைப்பு நேரத்தை நிமிடக் கணக்கில் குறிக்க அதுவே வேண்டும். எனினும் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று, பல்லடம், உடுமலைப் பக்கங்களில் குழாயை அசைத்துக்கொண்டே இருக்கும். காற்று மறைப்பும் அசையாத காங்கிரீட் தூணும் அமைக்க இடம் இல்லாதவர், தொலைநோக்கிக்கான தொகையை இப்போதைக்குச் செலவிட வேண்டாம் என்பதே என் திடமான பரிந்துரை. முதல் இரண்டு பருவங்களுக்குப் பைனாகுலரும், ஏற்கெனவே வீட்டில் இருக்கும் கேமராவும், இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்து உலக நேரத்தில் எழுதப்படும் ஒரு குறிப்பேடும் போதும்.