கோதுமைப் புரதம் சேர்ந்த கண்டிஷனர்: நீண்டகாலப் பாவனை அனுபவம்

ஹட்டனில் தை, மாசி மாதங்களின் வறண்ட குளிர்காற்றுக்கு முடி நுனிகள் வெடித்து, சீப்பு பாதியிலேயே சிக்கி நின்றுவிடும். அதற்காகவே நீர்ப்பகுப்புச் செய்த (நீரின் துணையோடு சிறு துணுக்குகளாக உடைத்த) கோதுமைப் புரதம், அதாவது லேபலில் ‘ஹைட்ரோலைஸ்ட் வீட் புரோட்டீன்’ என்று காணப்படும் பொருள் சேர்ந்த கண்டிஷனர் ஒன்றைச் சில வருடங்களாகப் பாவித்து வருகிறேன். தலை முழுகிய பின் ஈரமுடியில் தடவி, சற்றுப் பொறுத்து அலசினால், சிக்கு விரலாலேயே பிரிந்துவிடுகிறது. முடி உதிர்வது மட்டும் குறையவில்லை. குறையும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. வெளியே தெரியும் முடி உயிரற்றது. புரதத் துணுக்குகள் அதன் சேதமான இடங்களில் ஒட்டி ஈரத்தைப் பிடித்து வைக்குமே தவிர, வேரை வளர்க்கமாட்டா. அடிக்கடி பூசினால் முடி விறைத்துப்போகிறது. எனக்கு வாரம் ஒருமுறையே போதுமாக இருக்கிறது.

தாவரத்திலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடாது. ஜப்பானில் முகச் சவர்க்காரம் ஒன்றில் கலந்திருந்த, போதிய அளவு சிறிதாக உடைக்கப்படாத கோதுமைப் புரதம், தோல் வழியாகவும் கண், மூக்கு வழியாகவும் உட்புகுந்து, 2,000இற்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமையை உண்டாக்கியது. அதுவரை பாண் சாப்பிட்டு எந்தக் குறையும் இல்லாதிருந்தவர்களுக்கு, அதன் பிறகு கோதுமை உணவு உண்டு உடலை வருத்தினால் இமை வீங்கியது, தோலில் தடிப்புகள் எழும்பின. சிலர் இரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை அதிர்ச்சி நிலைக்குப் போனார்கள். காலையில் மா ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட கையோடு மலையேறிக் கொழுந்து பறிக்கப் போகும் நம் பெண்களுக்கு இப்படியொரு ஒவ்வாமை வந்தால், பிழைப்பே நின்றுவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2017இல், அழகுசாதனங்களில் சேரும் இத்தகைய கோதுமைப் புரதத்தின் சராசரி மூலக்கூற்றுத் திணிவு, அதாவது துணுக்குகளின் பருமனைக் காட்டும் அளவு, 3.5 கிலோ டால்டனைத் தாண்டக்கூடாது என்று விதித்தது. துணுக்கு சிறிதானால் ஒவ்வாமையைத் தூண்டும் வலு குறையும். ஆனால் நம் கடைப் போத்தல்களில் அந்த அளவு அச்சிடப்பட்டிருப்பதை நான் கண்டதில்லை. ஆகையால் இப்புரதத்தை அலசிவிடும் கண்டிஷனரோடு நிறுத்திக்கொண்டு, முகச் சவர்க்காரத்திலும் கிறீமிலும் தவிர்க்கிறேன். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல்கள் வெடித்திருக்கும் அக்கா என் போத்தலைக் கேட்டபோதும் கொடுக்கவில்லை. வெடித்த தோல் புரதத்துக்குத் திறந்த வழி என்பதால், வாசனையற்ற வசலினை வாங்கிக் கொடுத்தேன்.