காவல்துறையின் பதிவேடு குடிமக்கள் கையில்: ஸ்டான்ஃபர்ட் ஓப்பன் போலீசிங் தரவுத்தளம்

அமெரிக்கச் சாலைகளில் போலீசார் ஒரு வாகனத்தை மறிக்கும்போதெல்லாம் எழுதிவைக்கும் பதிவுகளை மாநிலம் மாநிலமாகக் கேட்டுப் பெற்று, ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் ஓப்பன் போலீசிங் புராஜெக்ட். சிங்கப்பூரில் இனப் பாரபட்சம் குறித்து அக்கறையோடு பேசும் தமிழர்கள், குறிப்பாகச் சமூகவியலும் புள்ளியியலும் படிக்கும் நம் மாணவர்கள், இதை ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும்.

டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரக் கோப்பில் ஏறத்தாழ 30 லட்சம் வரிகள் உள்ளன. ஒவ்வொரு வரியும் ஒரு மறிப்பு: தேதி, நேரம், இடம், ஓட்டுநரின் வயது, பால், இனம், மறித்த காரணம், வாகனம் சோதனையிடப்பட்டதா, தடைசெய்யப்பட்ட பொருள் எதுவும் கிடைத்ததா, எச்சரிக்கையோடு விட்டார்களா, கைது செய்தார்களா என்பது வரை அதில் இருக்கிறது. இவற்றுள் எனக்கு மிக முக்கியமாகப் படுபவை சோதனையையும் அதன் விளைவையும் பதிவுசெய்யும் இரண்டு நெடுவரிசைகள். ஓர் இனத்தவரை அடிக்கடி சோதனையிட்டும் அவர்களிடம் பொருள் கிடைக்கும் விகிதம் குறைவாகவே இருந்தால், அவர்களைச் சோதனையிட அற்பச் சந்தேகமே போதுமானதாக இருந்திருக்கிறது என்று கருத இடமுண்டு.

இக்குழுவினர் 2020-இல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் வெளியிட்ட ஆய்வு ஏறத்தாழ 10 கோடி மறிப்புகளை ஆராய்ந்து, கறுப்பின ஓட்டுநர்களும் ஹிஸ்பானிய (ஸ்பானிய மொழி பேசும் லத்தீன் அமெரிக்க வழிவந்த) ஓட்டுநர்களும் வெள்ளையரைவிடக் குறைந்த ஆதாரத்தின் பேரில் சோதனையிடப்படுகின்றனர் என்பதற்கான சான்றுகளை முன்வைத்தது. ஓட்டுநரின் நிறம் எளிதில் புலப்படாத இருள் நேரத்தில் மறிக்கப்படுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு குறைகிறது என்பதையும் அது காட்டியது. ஒரே கடிகார நேரம் கோடையில் வெளிச்சமாகவும் குளிர்காலத்தில் இருளாகவும் இருப்பதால்தான் அங்கே இந்த ஒப்பீடு சாத்தியமாகிறது. ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே பொழுது சாயும், வேறுபாடு ஏறத்தாழ அரை மணி நேரத்தைத் தாண்டாத நம் சிங்கப்பூரில் இம்முறை பெரிதாகப் பயன்படாது. சோதனை விளைவை ஒப்பிடும் முறையோ எங்கும் பொருந்தும்.

இத்தகைய தரவு யாருக்குப் பயன்பட்டது என்று கேட்போருக்கும் நாஷ்வில் நகரமே விடை தருகிறது. அங்குள்ள கிடியன்ஸ் ஆர்மி என்ற சமூக அமைப்பு, காவல்துறையின் சொந்தப் பதிவுகளைக் கொண்டே 2016-இல் ஓர் அறிக்கை தயாரித்து, கறுப்பின ஓட்டுநர்கள் அளவுக்கு மீறி மறிக்கப்படுவதை ஊரறியச் செய்தது. 2018 நவம்பரில் நகர மக்கள் வாக்களித்து, 11 உறுப்பினர் கொண்ட சமூகக் கண்காணிப்பு வாரியத்தை ஏற்படுத்தினர். ஆனால் 2023-இல் மாநிலச் சட்டமன்றம் இத்தகைய வாரியங்களைக் கலைத்து, அதிகாரம் குறைந்த மறுஆய்வுக் குழுக்களுக்கு மட்டும் இடம் தந்தது. வாக்களித்து உருவாக்கிய வாரியத்தை இன்னொரு மன்றம் இப்படிக் கலைக்க முடிந்தது என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. வெளியான பதிவுகளையாவது எந்தச் சட்டமும் திரும்பப் பெற முடியவில்லை.

குறைகள் சிறியவை அல்ல. பெரும்பாலான கோப்புகள் 2020-க்கு முன்பே நின்றுவிடுகின்றன. சில மாநிலங்கள் சோதனை பற்றிய விவரத்தையே தரவில்லை. டெக்சஸ் மாநிலத்தில் ஹிஸ்பானிய ஓட்டுநர்கள் பலரை அதிகாரிகள் வெள்ளையர் என்று பதிந்திருந்ததால், குடும்பப் பெயரை வைத்து ஆய்வாளர்கள் திருத்த வேண்டியிருந்தது. இனத்தை எழுதுவது மறிக்கும் அதிகாரியின் கை என்பதை மறந்து இந்த எண்களைப் படிக்கக் கூடாது. தமிழ் வாசகருக்கு இன்னொரு ஏமாற்றமும் உண்டு: நியூ ஜெர்சியில் கார் ஓட்டும் நம் உறவினரும், சீனரும், பிலிப்பினோவும், பசிபிக் தீவினரும் ஒரே பிரிவில் அடைபடுகின்றனர், கருமையான தோலுடைய தெற்காசியர் எப்படி நடத்தப்படுகிறார் என்பதை இதிலிருந்து பிரித்தறிய வழியில்லை.

சிங்கப்பூரில் 2013 டிசம்பர் 8 லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பின், ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. காவல்துறை அதிகாரிகளும் அதன்முன் பொதுவில் சாட்சியமளித்தனர். 2014-இல் அறிக்கையும் வெளிவந்தது. அது பெருநிகழ்வு ஒன்றுக்கான விசாரணை. அன்றாடச் சாலைச் சோதனைகளில் எந்த இனத்தவர் எத்தனை பேர், எதற்காக நிறுத்தப்பட்டனர், என்ன கிடைத்தது என்ற விவரமும், பெயரும் அடையாள எண்ணும் நீக்கப்பட்ட நிலையில், ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். மக்கள்தொகையில் ஏறத்தாழ 9 விழுக்காடாக இருக்கும் இந்தியர்களுக்கு மட்டுமன்றி, குற்றமின்றிக் கடமையாற்றும் அதிகாரிகளுக்கும் அது பாதுகாப்பாகும்.

கோப்புகள் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) வடிவில் கிடைத்தாலும், பெரிய நகரங்களின் தரவைச் சாதாரண எக்செல் தாங்காது. ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் ஓரளவு பழக்கம் வேண்டும். ஒரு நகரத்தின் தரவை எடுத்துப் படிப்படியாகச் செய்துகாட்டும் பயிற்சிப் பாடம் தளத்திலேயே உள்ளது. முதலில் அதை முடித்துவிட்டு, பிறகு நாஷ்வில் கோப்புக்குச் செல்வது நல்லது.