மீட்டரில் 100, ரோட்டில் 82: டிஃபரன்ஷியல் மாற்றி நான் ஏமாந்த கதை

ஏமாந்துவிட்டேன் என்று எனக்குத் தெரியவே இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் என் வண்டியின் டாஷ்போர்டே, ஏமாற்றியவர் பக்கம் நின்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அதனால்தான் விலாவாரியாக எழுதுகிறேன். "பிக்கப்பும் கூடும், மைலேஜும் கூடும்" என்று சொல்லி யாராவது உங்கள் வண்டியின் டிஃபரன்ஷியலில் (பின் அச்சின் நடுவே இருந்து சக்கரங்களைச் சுற்றிவிடும் பல்சக்கரப் பெட்டி) கைவைக்கக் கிளம்பினால், சாவியைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது பின்சக்கரம் ஓட்டும் கார், ஐந்து கியர், கொஞ்சம் பழையது. (பழையது என்பது இந்தக் கதையில் முக்கியம், காரணம் பின்னால் வரும்.) ஆள் நிறைய ஏறிவிட்டால் மேட்டில் திணறும். மூன்றாவது கியரில் ஏறாது, இரண்டில் போட்டால் கத்தும். வேறு வேலைக்காக ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தபோது இதைச் சொன்னேன். "இன்ஜின்ல ஒண்ணும் குறை இல்ல சார். பின்னாடி 3.73 இருக்கு. 4.10 போட்டுட்டா வண்டி பறக்கும். இன்ஜின் திணறாது, அதனால பெட்ரோலும் மிச்சம்" என்றார் அவர்.

இதில் முதல் பாதி உண்மை. டிஃபரன்ஷியலில், கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் பினியன். அது சுற்றிவிடும் பெரிய வளையம் கிரவுன். கிரவுனில் 41 பல், பினியனில் 11 பல் என்றால் 41-ஐ 11-ஆல் வகுத்து 3.73, இதுதான் ரேஷியோ. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்ற வேண்டும். பினியனில் 10 பல் என்றால் 4.10, 9 பல் என்றால் 4.56. எண் பெரிதானால் சக்கரத்துக்குப் போகும் டார்க் (முறுக்குவிசை) அதே விகிதத்தில் கூடும், ஒவ்வொரு கியரிலும் எட்டும் வேகம் அதே விகிதத்தில் குறையும். கொடுத்து வாங்குகிற கணக்கு இது. பல்சக்கரம் பவரை உற்பத்தி செய்வதில்லை.

3.73-இலிருந்து 4.10 என்றால் 10 சதவீத மாற்றம். அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. சம்மதித்தேன்.

வேலை முடிந்ததும் டெஸ்ட் டிரைவ். இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள், வித்தை முழுக்க இங்கேதான் நடந்தது. வேலைக்கு முன்பே என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, நின்ற நிலையிலிருந்து மீட்டரில் 100 வரும் வரை போனில் நேரம் பிடித்திருந்தார். 13 விநாடி. வேலைக்குப் பின் அதே ரோடு, அதே போன், பத்தரை விநாடி. முள் 100-ஐத் தொட்டதும் "போதும் சார்" என்று காலை எடுத்துவிட்டார். பிறகு டாப் கியரில் 100-இல் நிதானமாக ஓட்டிக் காட்டினார். "ஆர்பிஎம் பாருங்க, முன்னாடி எவ்வளவோ அதேதான். ஏறவே இல்ல." நானும் பார்த்தேன். 2,500-க்குச் சற்றுக் கீழே, முன்பு இருந்த அதே இடத்தில் முள் நின்றது. மகிழ்ச்சியாகப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முதல் மாதம் மைலேஜ் பார்த்தேன். லிட்டருக்கு 14 இருந்தது 15 ஆகியிருந்தது! நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். அதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

சந்தேகம் வந்தது லாரிகளால். நெடுஞ்சாலையில் நான் 90-இல் போகும்போது லோடு ஏற்றிய லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போயின. ஒன்று என்றால் பரவாயில்லை, வரிசையாக. அப்புறம் ஒருநாள், எத்தனையோ முறை போய்வந்த 50 கிலோமீட்டர் பாதையில், ஊர் போய்ச் சேர்ந்தபோது மீட்டரில் 61 கிலோமீட்டர் ஏறியிருந்தது. சாலை நீளவில்லை. போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் போட்டு, மீட்டரில் 100 வைத்து ஓட்டிப் பார்த்தேன். போன் 82 என்றது.

என் வண்டியில் ஸ்பீடோமீட்டருக்கான கேபிள் கியர்பாக்ஸின் பின்முனையிலிருந்து வருகிறது. பழைய பின்சக்கர வண்டிகள் பலவற்றில் இப்படித்தான். கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிஃபரன்ஷியலில் எதை மாற்றினாலும் மீட்டருக்கு அது தெரியாது. "ஷாஃப்ட் இத்தனை சுற்று சுற்றினால் இத்தனை கிலோமீட்டர்" என்று பழைய 3.73 கணக்கையே அது ஒப்பித்துக்கொண்டிருக்கும். இப்போது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் அதிகம் சுற்ற வேண்டியிருப்பதால், மீட்டர் வேகத்தையும் கூட்டிச் சொல்லும், தூரத்தையும் கூட்டிச் சொல்லும்.

ஆர்பிஎம் மாறவில்லை என்று அவர் காட்டியதும் இதனால்தான். மீட்டர் காட்டும் வேகத்துக்கும் ஆர்பிஎம்முக்கும் நடுவே இருப்பது கியர்பாக்ஸ் மட்டுமே, அதை யாரும் தொடவில்லை. டிஃபரன்ஷியலில் எந்த எண்ணைப் போட்டாலும் அந்த இரண்டு முள்ளும் கைகோத்துக்கொண்டு ஒரே கதையைத்தான் சொல்லும். டாஷ்போர்டை மட்டும் பார்த்து இந்த மாற்றத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சக்கரத்தில் இருக்கும் ஏபிஎஸ் சென்சாரிலிருந்து வேகத்தை எடுக்கும் வண்டிகளுக்கு இந்தச் சிக்கல் வராது.

சரி, 61-ஐ 50-ஆல் வகுத்தேன். 1.22. அதை 3.73-ஆல் பெருக்கினால் 4.55. பேசியது 4.10, போட்டது 4.56! மாற்றம் 10 சதவீதம் அல்ல, 22 சதவீதம்.

மைலேஜைத் திரும்பக் கணக்குப் போட்டேன். மீட்டர் சொன்ன 15-ஐ 1.22-ஆல் வகுத்தால் 12.3. கூடியதாக நான் தம்பட்டம் அடித்த மைலேஜ் உண்மையில் லிட்டருக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டர் விழுந்திருந்தது.

விழாமல் எப்படி இருக்கும்? என் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். உண்மையான 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 833 சுற்று சுற்றுகிறது. டாப் கியர் 0.8, அதாவது ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் 0.8 சுற்று. பழைய 3.73-உடன் இன்ஜின் 2,490 ஆர்பிஎம்மில் ஓடியது, 4.56-உடன் 3,040. அதே வேகம், அதே காற்றுத்தடை, இன்ஜின் மட்டும் நிமிடத்துக்கு 550 சுற்று அதிகம். ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே உராய்வு உண்டு. போதாததற்கு, அதிக ஆர்பிஎம்மில் அதே பவருக்குக் குறைவாகவே மிதிக்க வேண்டும், அதனால் பாதி மூடிய த்ராட்டில் வழியே காற்றை உறிஞ்சவும் பெட்ரோல் இன்ஜின் சக்தியைச் செலவழிக்கும். "இன்ஜின் திணறாது, அதனால் பெட்ரோல் மிச்சம்" என்பது மேட்டில் தவறான கியரில் உறுமிக்கொண்டு ஏறுகிறவருக்கு ஓரளவு பொருந்தலாம். நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போகும்போது அது அப்படியே தலைகீழ்.

பிக்கப்பாவது நிஜம்தானே என்றால், அதிலும் பாதிதான். முதல் கியரில் வண்டி துள்ளிக்கொண்டு கிளம்பும், மறுக்கவில்லை. முதல் கியர் 3.6, இன்ஜினின் டார்க் 150 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், உராய்வு நஷ்டத்தைக் கழிக்காமல் சக்கரத்துக்கு முன்பு 2,014 நியூட்டன் மீட்டர் போனது, இப்போது 2,462 போகிறது. மேட்டில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. ஆனால் இரண்டாவது கியரைப் பாருங்கள். அது 1.9. முன்பு 6,000 ஆர்பிஎம் வரை இழுத்தால் இரண்டாவதிலேயே 101 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். இப்போது அதே 6,000-இல் 83தான். நிஜமான 100-ஐத் தொட மூன்றாவதுக்கு மாற்றியே ஆக வேண்டும். கிளட்ச் மிதித்து, கியர் மாற்றி, மறுபடி ஆக்சிலேட்டர் கொடுப்பதற்குள் முதல் கியரில் சம்பாதித்ததில் பெரும்பகுதி போய்விடும். ஜிபிஎஸ் வைத்து நானே நேரம் பிடித்தேன், பன்னிரண்டரை விநாடிக்கு மேல் ஆனது. அரை விநாடிகூட மிச்சமில்லை.

டெஸ்ட் டிரைவில் முள் 100-ஐத் தொட்டதும் அவர் ஏன் "போதும் சார்" என்றார் என்பது அப்போதுதான் உறைத்தது. அது நிஜமான 82. இரண்டாவது கியர் முடிகிற விளிம்பு. இன்னும் இரண்டு விநாடி மிதித்திருந்தால் கியர் மாற்ற வேண்டியிருந்திருக்கும், வித்தை கலைந்திருக்கும். அவ்வளவு கணக்குப் போட்டுச் செய்தாரா, பழக்கதோஷத்தில் அமைந்ததா என்று சொல்ல முடியவில்லை. எனக்குக் கணக்குப் போட்டுத்தான் என்று தோன்றுகிறது.

போய்க் கேட்டேன். "4.10 கிடைக்கல சார். இது அதைவிடப் பெரிய நம்பர், இன்னும் பெட்டர்தானே?" என்றார். பில்லை எடுத்தேன். "டிஃபரன்ஷியல் வேலை" என்று இரண்டே வார்த்தை. எண் இல்லை, பல் கணக்கு இல்லை. சட்டையைப் பிடிக்க எனக்கு ஒரு பிடியும் இல்லை. பழைய செட்டையாவது கொடுங்கள், திரும்ப மாட்டிக்கொள்கிறேன் என்றேன். காயலான் கடைக்குப் போய்விட்டதாம். நல்ல நிலையில் இருந்த கிரவுன் பினியனை யார் இரும்பு விலைக்குப் போடுவார்கள்? இன்னொரு வண்டியில் ஏறியிருக்கும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 60, 70-இல் போகும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னாலிருந்து ஓர் ஊளை கிளம்பும். "ரேஷியோ கூடினா சத்தமும் கூடும்" என்று அவர் சொல்லியிருந்தார், நானும் நம்பியிருந்தேன். வேறொரு மெக்கானிக் ஹவுசிங்கைத் திறந்து பார்த்து, சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் நின்றார். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்து ஜோடி சேர்க்கப்படுபவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். என்னுடையதில் கிரவுனில் ஓர் எண், பினியனில் வேறோர் எண். இரண்டு பழைய வண்டிகளிலிருந்து ஆளுக்கொன்றாகப் பொறுக்கியது. பினியன் பேரிங்குகளுக்கு நடுவே இறுக்கும்போது நசுங்கி உட்காரும் ஸ்லீவ் ஒன்று இருக்கிறது, ஒரு முறைக்கு மேல் பயன்படாது. அதையும் பழையதையே போட்டிருந்தார். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே விட வேண்டிய பேக்லாஷ் பெரும்பாலும் 0.13-இலிருந்து 0.20 மில்லிமீட்டர் போலத்தான் இருக்கும், சரியான அளவை வண்டியின் மேனுவல் சொல்லும். டயல் கேஜ் வைத்து அளந்து, ஷிம் என்னும் மெல்லிய தகடுகளைப் போட்டு இதைச் சரிசெய்ய வேண்டும். பிறகு பல்லில் வண்ணப் பசை தடவிச் சுற்றி, தடம் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். இவையெல்லாம் நடந்ததற்கு அடையாளமே இல்லை என்றார். வடித்த ஆயில் இரும்புத் தூளால் மினுமினுத்தது. ரேஷியோவுக்கும் ஊளைக்கும் சம்பந்தமில்லை, அது பொருத்திய கையின் கோளாறு.

ரேஷியோ மாற்றுவதே மோசடி என்று சொல்லமாட்டேன். பெரிய டயர் போட்டவர்களுக்கு அது தேவையான வேலை. டயர் 10 சதவீதம் பெரிதானால் 3.73 நடைமுறையில் 3.39 போல ஆகிவிடும், 4.10 போட்டால் பழைய நிலைக்கு வரும். டிரெய்லர் இழுப்பவர்களும், நாள் முழுக்க மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களும் செய்வதில் அர்த்தம் இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் முன்னாலும் பின்னாலும் ஒரே எண் இருந்தாக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, பிடிப்புள்ள தரையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இறுகி உடையும். "ஹை ரேஷியோ", "லோ ரேஷியோ" என்று பேசுகிறவரிடம் எண்ணாகச் சொல்லச் சொல்லுங்கள். லோ என்று ஒருவர் 4.56-ஐச் சொல்வார், இன்னொருவர் 3.08-ஐச் சொல்வார்.

உள்ளே என்ன எண் இருக்கிறது என்று ஹவுசிங்கைத் திறக்காமலே பார்த்துவிடலாம். சமதளத்தில் முன்சக்கரங்களுக்கு நன்றாகக் கட்டை கொடுத்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். டயரிலும் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். மறுசக்கரம் தரையில் நிற்பதால் இதன் இரண்டு சுற்றுக்குக் கிரவுன் ஒரு சுற்றுத்தான் சுற்றும். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் உங்கள் ரேஷியோ. சாதாரண டிஃபரன்ஷியலுக்குத்தான் இது, இரண்டு சக்கரமும் தனித்தனியே சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகை என்றால் இப்படிச் சுற்றாது. என் வண்டியில் நாலரைக்குக் கொஞ்சம் மேலே வந்தது. கால்மணி நேர வேலை, பணம் கொடுப்பதற்கு முன்பே செய்திருக்கலாம்.

இப்போது ஜோடி எண் பொருந்திய 3.73 செட் ஒன்று தேடிப் பிடித்து மாட்டியாகிவிட்டது. இந்த முறை பில்லில் "கிரவுன் 41, பினியன் 11" என்று எழுதி வாங்கினேன், கழற்றிய சாமானையும் கையோடு எடுத்து வந்தேன். ஊளை இல்லை. மேட்டில் பழையபடி திணறுகிறது, இரண்டாவது கியரில் போட்டுப் பொறுமையாக ஏறுகிறேன். அந்த இரண்டு மாதத்தில் ஓடோமீட்டரில் ஏறியது 3,300 கிலோமீட்டர், வண்டி நிஜமாக ஓடியது 2,700. ஓடாத அந்த 600 கிலோமீட்டரை இனி இறக்க முடியாது. சர்வீஸ் புத்தகத்தின் ஓரத்தில் பேனாவால் குறித்து வைத்திருக்கிறேன்.