காற்றறை மெத்தையா, ஃபோம் மெத்தையா? கை வைத்துப் பார்த்த பிறகு

முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இழந்த என் அண்ணனின் சக்கர நாற்காலிக்கு ஃபோம், ஜெல், காற்றறை (காற்றடித்த சிறு அறைகள் கொண்டது) என மூன்று வகை மெத்தைகளையும் வாங்கிப் பார்த்துவிட்டு, காற்றறை மெத்தையை வைத்துக்கொண்டோம். ஃபோம் இலேசானது, விலை குறைந்தது, ஜெல் கனமானது, காற்றறை மெத்தை விலை கூடியது, பஞ்சரானால் ஒட்டுப்போட வேண்டியது. இவை கடையிலேயே தெரிந்துவிடும். மெத்தை இன்றைக்கு அழுத்தத்தைத் தாங்குகிறதா என்பதைக் கையால் கண்டறிய முடியுமா என்பதுதான் எங்களுக்கு முடிவைத் தந்தது.

ஃபோம் மெத்தை ஒன்றரை வருடம் கழித்தும் மேலுக்குப் புதிதாகவே இருந்தது. ஒரு மாலை அண்ணனைக் கட்டிலுக்கு மாற்றியபோது, உட்காரும்போது பாரம் தாங்கும் இடப்புற இடுப்பெலும்பு முனைக்கு மேல் நாணயம் அளவுக்குத் தோல் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்கவில்லை, அரை மணி நேரம் கழித்தும் மறையவில்லை. ஒரே இடத்தில் நெடுநேரம் அழுத்தம் விழுவதால் வரும் அழுத்தப்புண்ணின் முதல் நிலை அது. (கருத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம், அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும்.) உறையைக் கழற்றினால், ஃபோமில் இரண்டு குழிகள், உள்ளங்கையால் அமுக்கியபோது அடியிலிருந்த பலகை தட்டுப்பட்டது.

காற்றறை மெத்தையும் காற்றை இழக்கும். ஆனால் அதை மறைக்காது. தேவைக்குச் சற்றுக் கூடுதலாகக் காற்றடித்து, அண்ணன் பாதங்களைக் காலடித் தாங்கியில் வைத்து வழக்கம்போல் உட்கார்ந்ததும், அவருக்கும் மெத்தைக்கும் நடுவே கையை நுழைத்து, எலும்பு முனைகளில் எது அதிகமாகக் கீழே இறங்கியிருக்கிறதோ அதைத் தேடிப் பிடிக்கிறேன். விரல்களை அங்கேயே வைத்துக்கொண்டு வால்வைத் திறந்து, அந்த முனைக்கும் மெத்தையின் அடித்தளத்துக்கும் இடையே அரை அங்குலத்திலிருந்து 1 அங்குலம் வரை மிஞ்சும்போது மூடிவிடுகிறேன். தொடக்கத்தில் காற்று எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு மென்மை என்று நினைத்து நிறைய அடித்துவிட்டோம். அப்போது உடல் மெத்தைக்குள் அமிழாமல் மேலேயே நிற்க, பாரம் முழுவதும் எலும்பு முனைகளிலேயே விழுந்தது. மலைப்பகுதிக்கு ஏறும்போது மெத்தையின் அறைகளுக்குள் காற்று விரியும் என்பதால், அங்கே போனதும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

ஜெல்லை 2 மாதங்கள்தான் பயன்படுத்தினோம், ஆகவே அதைப் பற்றி உறுதியாகத் தீர்ப்புச் சொல்லமாட்டேன். உட்காரும் இடத்திலிருந்து ஜெல் ஓரங்களுக்கு ஒதுங்கிவிடுவதால் பிசைந்து சமப்படுத்த வேண்டியிருந்தது. உணர்ச்சி உள்ளவர்களுக்கும், காற்றறையின் ஆட்டத்தில் நிமிர்ந்து உட்காரச் சிரமப்படுபவர்களுக்கும் நல்ல ஃபோமே வசதியாக இருக்கலாம்.

எந்த மெத்தையானாலும் மேலே துண்டை மடித்துப் போடுவதும், இறுக்கமான உறையை மாட்டுவதும் அதன் பயனைக் கெடுத்துவிடும். காலடித் தாங்கி அளவுக்கு மேல் உயர்ந்திருந்தால், தொடைகள் தூக்கப்பட்டு பாரம் பின்னுக்கு நகர்கிறது. அண்ணனுக்கு அதை 1 அங்குலம் இறக்கிய அன்று, அதுவரை சரியாக இருந்த காற்றின் அளவையும் மாற்ற வேண்டியிருந்தது.