டிரைக்கின் ஹேண்டில்: கனத்துக்கு எது, உதறலுக்கு எது?

பெரிய மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தில் இரண்டு சக்கரங்களைப் பொருத்தி டிரைக்காக மாற்றியவர்கள் வழக்கமாக இரண்டு குறைகளைச் சொல்வதுண்டு. வளைவுகளில் ஹேண்டில் கனக்கிறது என்பது ஒன்று. மணிக்கு 25 முதல் 40 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில், குறிப்பாக வண்டி மெதுவாகிக்கொண்டே வரும்போது, முன்சக்கரம் இடவலமாக உதறுகிறது என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே நோயாக எண்ணி ஒரே உதிரிப்பாகத்தை வாங்குவதில்தான் பணம் வீணாகிறது. ஏனெனில், கனத்தைக் குறைக்கும் மாற்றமே பல வண்டிகளில் உதறலைக் கிளப்பிவிடுகிறது.

ஸ்டியரிங் அச்சைக் கற்பனையில் தரைவரை நீட்டினால், அது தரையைத் தொடும் புள்ளிக்கும் அதற்குப் பின்னால் டயர் தரையில் பதியும் இடத்துக்கும் உள்ள தூரமே டிரெயில் எனப்படுகிறது. இருசக்கர வண்டி வளைவில் சாய்ந்து திரும்புவதால், நீண்ட டிரெயில் ஓட்டுநரின் கைக்குப் பெரும் சுமையாவதில்லை. மாறாக, சக்கரத்தை நேராக நிறுத்தி நிதானம் தருகிறது. டிரைக் சாய்வதில்லை. வளைவில் டயர் மீது வரும் பக்கவிசை முழுவதும் டிரெயிலை நெம்புகோலாகக் கொண்டு ஹேண்டிலை நேராக்கத் தள்ளுகிறது. அதை எதிர்த்துத்தான் நம் தோள்கள் உழைக்கின்றன.

எனவே கனத்துக்கு உரிய நேரடித் தீர்வு டிரெயிலைக் குறைப்பதே. இதற்குப் பரவலாகப் பயன்படுவது, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் மேல், கீழ்த் தகடுகளைக் கழற்றிவிட்டு, குழாய்களைச் சில பாகை முன்னோக்கிச் சாய்த்துப் பிடிக்கும் தகடுகளைப் பொருத்துவதாகும். சட்டத்தின் கழுத்தை, அதாவது ஸ்டியரிங் அச்சு அமர்ந்திருக்கும் பகுதியை, சாய்த்தால் டிரெயில் கூடும், தகட்டில் மட்டும் சாய்வு கொடுத்தால் குறையும் என்ற வேறுபாட்டைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சக்கர அச்சுவரை ஃபோர்க்கின் நீளம் சுமார் 700 மில்லிமீட்டர் என்று கொண்டால், ஒவ்வொரு பாகைக்கும் சக்கரம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் முன்னே போகிறது; ஸ்டியரிங் அச்சு சாய்ந்திருப்பதால், தரையில் அளக்கும் டிரெயில் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் குறைகிறது.

எத்தனை பாகை என்பது வண்டியைப் பொறுத்தது. ஹார்லி டேவிட்சனின் டூரிங் வகை வண்டிகளில் டிரெயில் 170 மில்லிமீட்டர் அளவில் மிக நீளமானது. அந்நிறுவனமே தயாரித்த ட்ரை கிளைடு என்ற டிரைக்கில் அது 100 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைக்கப்பட்டுள்ளது. ஆனால் 2001 முதல் 2017 வரை வந்த ஹோண்டா கோல்டுவிங் ஜிஎல்1800 வண்டியில் தொடக்கத்திலேயே டிரெயில் 109 மில்லிமீட்டர்தான். ஹார்லிக்குப் பொருந்தும் 6 பாகைச் சாய்வை இதற்கும் கொடுத்தால், மேற்சொன்ன கணக்கின்படி 25 மில்லிமீட்டரே மிஞ்சும். ஹேண்டில் வெண்ணெய்போலத் திரும்பும், ஆனால் தானாக நேராகும் குணம் போய்விடும். நான்கரைப் பாகையில் 45 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நிற்கிறது. என் கருத்தில் கோல்டுவிங்குக்கு அதுவே எல்லை.

இதற்குப் போட்டியான ஏற்பாடு, சைடுகார் ஓட்டுபவர்கள் நெடுங்காலமாக நம்பிவரும் முன்தள்ளு இணைப்பு ஃபோர்க், அதாவது முன்னோக்கி நீளும் கீல் கைகளில் சக்கரத்தைத் தாங்கும் வகை. 1950களிலும் 60களிலும் பிஎம்டபிள்யூ பயன்படுத்திய ஏர்ல்ஸ் ஃபோர்க்கில், தனி ஓட்டத்துக்கு ஒன்று, சைடுகாருக்கு ஒன்று எனக் கீல் பொருத்த இரண்டு இடங்கள் இருந்தன. சைடுகார் நிலையில் டிரெயில் குறையும். அந்த யோசனையின் அழகு இன்றும் மங்கவில்லை. இவ்வகை ஃபோர்க் பக்கவாட்டு விசைக்கு வளைந்துகொடுப்பது குறைவு. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் மூக்கு அவ்வளவாகத் தாழ்வதுமில்லை. ஆயினும் இதைப் பொருத்த முன்பக்கம் முழுவதையும் மாற்ற வேண்டும், செலவும் பல மடங்கு. சைடுகாருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். டிரைக்குக்கு இது ஆசைப்படுபவர்களுக்கானது.

மூன்றாவதான ஸ்டியரிங் டேம்பரைக் கனத்துக்கு மருந்தென விற்பவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. எண்ணெய் நிரம்பிய உருளைக்குள் நகரும் அதன் தண்டு, ஹேண்டில் வேகமாக அசையும்போது மிகுதியாகவும் மெல்ல அசையும்போது குறைவாகவும் தடுக்கிறது. அதாவது உதறலை விழுங்குகிறது, கனத்தைத் தொடுவதே இல்லை. கழுத்தின் மேல் திருகு வைத்த பழைய உராய்வு வகையோ எல்லா வேகத்திலும் ஒரே அளவில் இறுக்கிப் பிடிப்பதால், கனத்தோடு கனத்தைச் சேர்க்கும். சாய்வுத் தகடு பொருத்திய வண்டிக்கு எண்ணெய் டேம்பரே சரியான துணை.

இவை எதற்கும் முன்னால் கோன்செட்டை, அதாவது கழுத்தில் ஹேண்டிலைத் திரும்பவிடும் பேரிங்குகளை, பார்க்காதவர் கடைக்குப் போகவே கூடாது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடிக்கால்களைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது கழுத்தில் தட்டும் ஓசை கேட்டால், உதறலுக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. குண்டு பேரிங்கை எடுத்துவிட்டுக் கூம்பு உருளை பேரிங் போட்டு, இருசக்கர வண்டிக்கு வைப்பதைவிடச் சற்று இறுக்கமாக வைப்பதை டிரைக் ஏற்றுக்கொள்ளும்; ஓட்டுநர் ஹேண்டிலால் சமநிலை பிடிக்க வேண்டியதில்லை அல்லவா? டயரின் காற்றழுத்தம், சக்கரத்தின் எடைச் சமன், கிண்ணம்போலத் தேய்ந்த டயர் ஓரம் ஆகியவற்றையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

ஆகவே உதறல் மட்டுமே தொல்லையென்றால் பேரிங், டயர், அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் டேம்பர் என்ற வரிசை போதும். தகட்டுக்குக் கைவைக்க வேண்டாம். கனம்தான் தொல்லையென்றால் சாய்வுத் தகட்டையும் எண்ணெய் டேம்பரையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். பொருத்தி முடித்ததும், வண்டியை நிறுத்தியபடியே ஹேண்டிலை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள்: சட்டத்தின் தடுப்பில் முட்டுவதற்கு முன் டேம்பரின் தண்டு முட்டினால், அதன் பிடிப்பை இடம் மாற்றாமல் தெருவில் இறங்கக் கூடாது.